விட்டுச் சொல்லுதல்: ஆங்கிலத்தின் எச்சமும் பதிலியும், ஸ்பானிய நாவும்

ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பத்து வருடம் ஆங்கிலம் படித்திருக்கிறார். காலங்கள் தெரியும், செயப்பாட்டு வினை தெரியும், நாளிதழின் தலையங்கம்வரை வாசிக்கிறார். 'நாளைக்கு மழை வருமா?' என்று கேட்டால் 'ஐ திங்க் தட் யெஸ்' என்கிறார். அவருடைய மொழியில் 'க்ரேயோ கே ஸி', அதாவது 'ஆம் என்று நினைக்கிறேன்'. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார். பொருள் புரிகிறது, இலக்கணத்திலும் பெரிய குற்றம் இல்லை. ஆனாலும் கேட்கிற ஆங்கிலேயனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது, இவர் வெளியாள் என்று. 'ஐ திங்க் ஸோ' என்ற மூன்று சின்னச் சொற்களில் அவர் தடுக்கி விழுகிறார்.

அயல்மொழி ஒன்றில் சொல்லக் கற்றுக்கொள்வது ஒரு கட்டம். சொல்லாமல் விடக் கற்றுக்கொள்வது அடுத்த கட்டம், அதுதான் கடினமானது. எதை விடலாம், விட்ட இடத்தைச் சும்மா விடலாமா அல்லது ஏதாவது ஒரு சின்னச் சொல்லை அங்கே நட்டு வைக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் தீர்மானித்து வைத்திருக்கிறது. சும்மா விடுவதை எச்சம் என்றும் சின்னச் சொல்லை நடுவதைப் பதிலி என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். எச்சம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் எச்சவியலில் பத்து வகை எச்சம் சொல்லுகிறது. பிரிநிலையில் தொடங்கிச் சொல், குறிப்பு, இசை என்று முடிகிற பட்டியல் அது. வாக்கியத்தில் இல்லாத ஒன்றும் வாக்கியத்தின் பகுதியே என்ற புரிதல் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்த வேலையை விரிவாகச் செய்தவர்கள் எம்.ஏ.கே. ஹாலிடேயும் ருகையா ஹஸனும். 1976இல் வந்த அவர்களுடைய நூல், தனித்தனி வாக்கியங்கள் எப்படி ஒரு பனுவலாகப் பிணைகின்றன என்பதை ஆராய்கிறது. சுட்டு, பதிலி, எச்சம், இணைப்பு, சொற்பிணைவு என ஐந்து வகைப் பிணைப்புகளை அது முன்வைக்கிறது. எச்சத்தை அவர்கள் சூன்யத்தால் ஆன பதிலி என்று விளக்குகிறார்கள். ஒரு சொல் இருந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைத்தால் பதிலி, சூன்யத்தை வைத்தால் எச்சம். ஹாலிடே இளமையில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், ருகையா ஹஸன் வட இந்தியாவில் பிறந்தவர். மொழியைச் சமூகச் செயலாகப் பார்க்கும் பார்வை இருவருக்கும் உண்டு. பெயர், வினை, வாக்கியம் என்று அவர்கள் பிரித்த மூன்று இடங்களிலும் ஸ்பானிய நா எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம்.

1

முதலில் பெயர். துணிக்கடையில் இரண்டு சட்டை இருக்கிறது. ஸ்பானியத்தில் 'லா ரோஹா' என்றால் போதும். 'லா' என்ற முன்னொட்டும் 'ரோஹா' என்ற அடைமொழியின் ஈறும் பெண்பால் ஒருமையைச் சொல்லிவிடுகின்றன. சட்டை என்ற சொல் ஸ்பானியத்தில் பெண்பால், ஆகவே சிவப்பான அது சட்டைதான் என்பது கேட்பவருக்குத் தெளிவு. புத்தகம் ஆண்பால், ஆகவே அது 'எல் ரோஹோ'. பெயர் போன பிறகும் அதன் பாலும் எண்ணும் ஈறுகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம்ம மொழியிலும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான். 'பெரியது', 'பெரியவள்', 'பெரியவர்' என்னும்போது பெயர் இல்லை, ஆனால் திணையும் பாலும் மரியாதையும்கூட உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

ஆங்கில அடைமொழிகள் இந்த ஈறுகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. 'ரெட்' என்றால் வெறும் சிவப்பு. அது ஒன்றா பலவா என்று அந்தச் சொல்லுக்குத் தெரியாது. ஆகவே பெயர் போன இடத்தில் ஒரு முளைக்குச்சி அடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குச்சிதான் 'ஒன்', பன்மையென்றால் 'ஒன்ஸ்'. 'தி ரெட் ஒன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஸ்பானியர் 'தி ரெட்' என்று நிறுத்திவிடுகிறார். அவருடைய காதுக்கு அது முழுமை, ஆங்கிலக் காதுக்குத் தொங்கல்.

இதைக் கற்ற பிறகு எதிர்த்திசைத் தவறு ஆரம்பிக்கிறது. எல்லா இடத்திலும் 'ஒன்' போடத் தோன்றும். ஆனால் எண்ண முடியாத பொருளுக்கு அது பொருந்தாது. சிவப்பு ஒயினா வெள்ளையா என்றால் 'ஒயிட்' என்று மட்டுமே சொல்ல வேண்டும். உடைமையிலும் அப்படியே. 'லா தே ஹுவான்' என்று ஸ்பானியம் சொல்வதை அவர் 'தி ஒன் ஆஃப் ஜான்' என்று கட்டுகிறார். ஆங்கிலத்துக்கு 'ஜான்ஸ்' என்பதே போதும், வேற்றுமை உருபே முளைக்குச்சியாகிவிடுகிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒரு தர்க்கம் கிடைக்கும். உருபோ எண்ணோ அளவுச்சொல்லோ விடுபட்ட இடத்தைத் தாங்கி நின்றால் சூன்யம் போதும். தாங்க ஆளில்லாதபோது பதிலி வேண்டும்.

செயப்படுபொருளில் இன்னொரு சிக்கல். காப்பி வாங்கினாயா என்றால் ஸ்பானியத்தில் 'ஸி, கோம்ப்ரே' எனலாம். 'ஆமா, வாங்கினேன்' என்று நாமும் சொல்வோம். ஆங்கிலத்தில் 'யெஸ், ஐ பாட்' என்பது அந்தரத்தில் நிற்கிறது. 'ஐ பாட் ஸம்' என்று அளவுச்சொல் போட வேண்டும், அல்லது வினையையே கழற்றிவிட்டு 'யெஸ், ஐ டிட்' என வேண்டும். இது நம்மை வினைக்குக் கொண்டுவருகிறது.

2

ஆங்கில எச்சத்தின் முதுகெலும்பு துணைவினை. 'ஹாவ்', 'பி', 'கேன்', 'வில்', எதுவும் இல்லையென்றால் 'டூ'. முதன்மை வினையும் அதன் பின்னால் வரும் எல்லாமும் போய்விடலாம், துணைவினை மட்டும் தனியாக நின்று காலத்தையும் எதிர்மறையையும் சுமக்கும். ஹுவான் படம் பார்த்துவிட்டான், மரியா பார்க்கவில்லை என்பதற்கு ஆங்கிலம் 'பட் மரியா ஹாஸின்ட்' என்கிறது. ஸ்பானியத்தில் இதற்கு இணையான துணைவினை 'அபேர்'. அது தனியாக நிற்காது, முதன்மை வினை போனால் தானும் போய்விடும். பிறகு என்ன நிற்கிறது? வெறும் 'ஸி', வெறும் 'நோ'. 'பேரோ மரியா நோ', 'ஆனால் மரியா இல்லை'. 'முடியும்' என்ற பொருள் தரும் 'போதேர்' போன்ற ஒருசில வினைகள் தனித்து நிற்கும், அவை விலக்கு.

ஆங்கிலம் வினையின் எலும்புக்கூட்டை மிச்சம் வைக்கிறது, ஸ்பானியம் உடன்பாடு எதிர்மறை என்ற துடிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது எனலாம். ஸ்பானியரின் 'பட் மரியா நோ' எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் பின்னோக்கிப் போய், எதிராளி பயன்படுத்திய துணைவினை எது என்று தேடியெடுத்து, காலத்துக்கும் எண்ணுக்கும் தக்கபடி திருத்தி வைக்க வேண்டும். 'ஸோ டூ ஐ', 'நெய்தர் கேன் ஷி' போன்ற ஒத்துப்போகும் பதில்களில் எழுவாயையும் துணைவினையையும் இடம் மாற்றிப்போடும் வேலை வேறு. ஸ்பானியத்தில் 'யோ தம்பியேன்', 'யோ தம்போகோ'. நமக்கு 'நானும்', எதிர்மறைக்கும் 'நானும் இல்லை'. இரண்டு மொழியிலும் வினையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பவருக்கு 'எனக்கும்' என்போம். 'நான் இங்க வேலை செய்றேன்' என்பவருக்கு 'நானும்'. வேற்றுமை மாறக்கூடாது. ஸ்பானியத்தில் அச்சாக இதே பாகுபாடு: முன்னதற்கு 'அ மி தம்பியேன்', பின்னதற்கு 'யோ தம்பியேன்'. விருப்பம் என்பது ஒருவருக்கு நேர்வது, உழைப்பு என்பது ஒருவர் செய்வது என்ற வேறுபாட்டை விடுபட்ட வாக்கியத்தின் மிச்சம்கூடப் பாதுகாக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'ஸோ டூ ஐ' என்கிறது. விரும்புகிறவனும் அங்கே செய்கிறவன்தான், எல்லாவற்றுக்கும் எழுவாய் அவனே. இந்தச் சமன்படுத்தலுக்குள் ஸ்பானியர் வந்து சேரும்போது தன் அனுபவத்தை வேறுவிதமாக அடுக்கவும் சேர்த்தே பழகுகிறார்.

3

மூன்றாவது, முழு வாக்கியத்துக்கான பதிலி. 'ஸோ', 'நாட்'. 'ஐ ஹோப் ஸோ', 'ஐ ஹோப் நாட்'. நம்ம 'அப்படித்தான் நினைக்கிறேன்' ஆங்கிலத்துக்கு நெருக்கம், 'இல்லன்னுதான் நினைக்கிறேன்' ஸ்பானியத்துக்கு நெருக்கம். ஆங்கிலத்துக்குள்ளும் சீர்மை கிடையாது. 'நம்புகிறேன்', 'அஞ்சுகிறேன்' என்பவற்றோடு 'நாட்' இயல்பாக வரும். 'நினைக்கிறேன்' என்றால் மறுப்பு முன்னால் தாவி 'ஐ டோன்ட் திங்க் ஸோ' ஆகிவிடும்.

ஸ்பானியம் எப்போதும் விட்டுவிடுகிற மொழி, ஆங்கிலம் எப்போதும் நிரப்புகிற மொழி என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. 'நீங்கள் மருத்துவரா?' என்றால் ஆங்கிலேயர் 'யெஸ், ஐ ஆம்' என்று சூன்யத்தில் விடுகிறார். ஸ்பானியர் 'ஸி, லோ ஸோய்' என்கிறார். 'லோ' என்ற பதிலி அங்கே கட்டாயம். 'தெரியும்' என்பதற்கு அவர் 'லோ ஸே' என்பார், ஆங்கிலம் வெறும் 'ஐ நோ'. ஆகவே ஸ்பானியரின் ஆங்கிலத்தில் 'ஐ நோ இட்' என்று ஒரு வேண்டாத 'இட்' வந்து உட்காருகிறது. அதே ஆள் 'இட் இஸ் இம்பார்ட்டன்ட்' என வேண்டிய இடத்தில் 'இஸ் இம்பார்ட்டன்ட்' என்று எழுவாயை விழுங்கிவிடுகிறார், அவருடைய மொழியில் 'எஸ் இம்போர்தான்தே' போதும் என்பதால். ஒவ்வொரு மொழியும் தன் ஓட்டைகளை வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறது. தன் மொழியின் ஓட்டை அதைப் பேசுகிறவன் கண்ணுக்குத் தெரியாது, மற்றவன் மொழியின் ஓட்டை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும்.

4

சரி, இதெல்லாம் இலக்கணம், இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். விடுபடல் ஓர் உறவு என்பதுதான் விஷயம். ஒன்றைச் சொல்லாமல் விடும்போது 'அது உனக்கும் தெரியும்' என்று எதிராளியிடம் சொல்கிறோம். பகிர்ந்துகொண்ட ஒன்றின் மீதுதான் எச்சம் நிற்கிறது. 'வேலையை முடித்துவிட்டாயா?' என்று நண்பர் கேட்கும்போது 'ஆம், நான் வேலையை முடித்துவிட்டேன்' என்று முழுதாகப் பதில் சொன்னால் கோபமாக இருக்கிறோம் என்று பொருள், இல்லையென்றால் விசாரணைக் கூண்டில் நிற்கிறோம் என்று பொருள். அயல்மொழி வகுப்பறை நெடுங்காலமாக இந்தக் கூண்டு மொழியைத்தான் கற்பித்து வந்திருக்கிறது: 'முழு வாக்கியத்தில் பதில் சொல்.'

1966இல் அமெரிக்காவில் கார்ல் பெரைட்டரும் ஸீக்ஃப்ரீட் எங்கல்மனும் ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளிப் பாடமுறை ஒன்றை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளிடம் உருப்படியான மொழியே இல்லை, ஆகவே முழு வாக்கியங்களைப் பழக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அணில் எங்கே என்று கேட்டால் 'மரத்தில்' என்று சொல்லும் கறுப்பினக் குழந்தையின் பதில் குறையுள்ளதாகக் கருதப்பட்டது. 1969இல் வில்லியம் லபோவ் இதைக் கடுமையாக எதிர்கொண்டார். 'மரத்தில்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். கேள்வியின் கட்டமைப்பை உள்வாங்கிக்கொண்ட பிறகே ஒரு குழந்தை அதன் மிச்சத்தை மட்டும் திருப்பித் தர முடியும் என்று காட்டினார். பேராசிரியர் விட்டுச் சொன்னால் சுருக்கம், சேரிக்குழந்தை விட்டுச் சொன்னால் குறை. எச்சத்தை அனுபவிக்கும் உரிமையும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை.

அமெரிக்க நீதிமன்றங்களில் ஸ்பானியம் பேசும் சாட்சிகளின் நிலை இன்னும் சிக்கல். 1978இல் கூட்டாட்சி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கான சட்டம் வந்தது. 1990இல் சூசன் பெர்க்-செலிக்சன் வெளியிட்ட ஆய்வு, வழக்கு விசாரணைகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தது. சாட்சி குறிப்பாக விட்டதை மொழிபெயர்ப்பாளர் நிரப்பிச் சொல்கிறார், ஆகவே சாட்சியம் ஆங்கிலத்தில் நீண்டுவிடுகிறது என்று அவர் காட்டினார். சுருக்கமான பதிலுக்கு ஒரு தொனி, நீண்ட பதிலுக்கு வேறொரு தொனி, அதைக் கேட்டு ஜூரிகள் ஆளை எடைபோடுகிறார்கள். வினை வடிவமும் மாறுகிறது. கையிலிருந்து நழுவியதை ஸ்பானியர் 'ஸே மே காயோ', 'எனக்கு விழுந்துவிட்டது' என்பார். ஆங்கிலத்தின் இயல்பான வடிவம் 'ஐ டிராப்ட் இட்'. நேர்ந்தது செய்ததாகிவிடுகிறது. குற்றவியல் வழக்கில் இந்த இடைவெளி சின்ன விஷயமா என்ன?

5

இதுவரை பார்த்த எச்சங்கள் மீட்டெடுக்கக் கூடியவை. முந்தைய வாக்கியத்துக்குப் போனால் விடுபட்டது கிடைத்துவிடும். மீட்டெடுக்க வழியில்லாமல் விடுபடுவதும் உண்டு, அதை எச்சம் எனக் கூடாது, மறைப்பு எனலாம். 1979இல் வந்த, மொழியும் கட்டுப்பாடும் பற்றிய நூலில் டோனி ட்ரூ, 1975இல் ரொடீசியக் காவல்துறை கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்றதை லண்டன் நாளிதழ்கள் எழுதிய விதத்தை நாள்வாரியாக ஆராய்ந்தார். சுட்டவர்கள் வாக்கியத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நாளாக நாளாகக் காணாமலே போகிறார்கள். கடைசியில் சாவுகள் மட்டும் மிஞ்சுகின்றன. செயப்பாட்டு வினை செய்தவனை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

ஸ்பானியத்தில் இதற்கு வேறு வாசல். எழுவாய் இல்லாத படர்க்கைப் பன்மை வினை. 'ஸே லோ யெவாரோன்', 'கொண்டு போயிட்டாங்க'. யார்? வினையின் ஈறு பன்மை என்கிறது, அதற்குமேல் பேசாது. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி மக்களைக் கடத்தியபோது இந்த வாக்கியம் வீடுவீடாகப் பேசப்பட்டது. பனுவலில் எழுவாய் கிடையாது, கேட்கிற எல்லோருக்கும் அது தெரியும். அச்சத்தின் இலக்கணம் இது. காணாமல் போனவர்களுக்கு 'தெஸபாரெஸிதோ' என்று பெயர். மறைதல் என்ற தன்வினையிலிருந்து பிறந்த சொல், தானாக மறைந்தவன் என்றுகூட வாசிக்கலாம். 1979இல் விதேலா அந்த வாசிப்பைத்தான் பயன்படுத்தினார். அவர்கள் செத்தவர்களும் இல்லை, உயிரோடிருப்பவர்களும் இல்லை, அப்படியொரு ஆளே இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் கைவிரித்தார். எதிர்த்தவர்கள் அதே வினையைப் பிறவினையாக்கினார்கள். 'லோ தெஸபாரெஸியேரோன்', 'அவனைக் காணாமல் ஆக்கினார்கள்'. இலக்கண நூல் முகம் சுளிக்கலாம், செய்தவனுக்கு ஓர் இடம் திறந்துவிட்டது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 'பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்' என்ற ஈழத்து வாக்கியமும் எழுவாய் இல்லாத பன்மைதான். 2016இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 'காணாமற்போன ஆட்கள்' என்று பேசுகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் நடுவே ஓர் அரசே நிற்கிறது. 'ஆக்கப்பட்ட' என்பது செய்தவனைச் சொல்லவில்லை. ஆனால் 'யாரால்?' என்ற கேள்விக்கு அதில் இடமுண்டு, 'போன' என்பதில் அதுகூட இல்லை.

2014 செப்டம்பர் 26 இரவு மெக்சிகோவின் இகுவாலா நகரில் அயோட்ஸினாபா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் 43 மாணவர்கள் கடத்தப்பட்டார்கள். ரொசாரியோ இபார்ராவும் பிற தாய்மாரும் 1970களிலிருந்து எழுப்பிவந்த முழக்கம் தெருக்களில் மறுபடி ஒலித்தது: 'விவோஸ் ஸே லோஸ் யெவாரோன், விவோஸ் லோஸ் கெரேமோஸ்.' உயிரோடு கொண்டு போனார்கள், உயிரோடு வேண்டும். முதல் பாதியில் எழுவாய் இல்லை, இரண்டாம் பாதியில் 'நாங்கள்' என்பதும் ஈறாக மட்டுமே இருக்கிறது. அந்த அக்டோபரில் தலைநகரின் ஸோகலோ சதுக்கத்துத் தரையில் மூன்று சொற்கள் பிரம்மாண்டமாக எழுதப்பட்டன: 'ஃபுவே எல் எஸ்தாதோ.' அரசுதான். பல பத்தாண்டுகளாக வினையீற்றுக்குள் ஒளிந்திருந்த எழுவாய் வெளியே இழுத்துப் போடப்பட்டது. 2022 ஆகஸ்டில் அரசே அமைத்த உண்மை ஆணையம் இதை அரசின் குற்றம் என்று அறிவித்தது. தரையில் எழுதியவர்கள் எட்டு வருடம் முன்பே வாக்கியத்தை நிரப்பியிருந்தார்கள்.

இந்த மூன்று சொற்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வழக்கமாக 'இட் வாஸ் தி ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். ஆனால் 'கொண்டு போனது யார்?' என்று ஓர் ஆங்கிலத் தெருவில் கேட்டால் 'தி ஸ்டேட் டிட்' என்றுதான் பதில் வரும். அந்த 'டிட்' என்ற பதிலிக்குள் கொண்டுபோனதும் புதைத்ததும் மறுத்ததும் எல்லாம் அடக்கம். மேற்படிப்பு மாணவனைத் திணறடிக்கும் அதே சின்ன வினைதான் இது. ஸ்பானியத்தில் அப்படியொரு பதிலி இல்லாததால் 'ஃபுவே' என்று ஆளைச் சுட்டிக்காட்டுகிறது. தமிழுக்கு வினையே தேவைப்படவில்லை, 'தான்' என்ற இடைச்சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

லத்தீன் அமெரிக்க எழுத்தை நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வாசித்தும் பெயர்த்தும் வந்திருக்கிறோம். மார்க்கேஸின் பெருநாவல் 1967இல் ஸ்பானியத்தில் வந்தது, 1970இல் கிரகரி ரபாஸாவின் ஆங்கிலத்தில் வந்தது, நம்மிடம் வந்தது அதற்கும் அப்பால். 'யேகோ' என்று ஸ்பானியம் விட்டதை ஆங்கிலம் அவனா அவளா என்று தீர்த்தாக வேண்டும். தமிழில் வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று மரியாதையையும் சேர்த்துத் தீர்த்தாக வேண்டும். எழுவாயை நாமும் விடுகிறோம், ஆனால் வினையீற்றில் பாலும் படிநிலையும் மாட்டிக்கொள்கின்றன. மூலத்தில் யாரென்று தெரியாமல் நடமாடிய ஒரு நிழலுக்கு இரண்டு மொழி தாண்டி வரும்போது மீசையும் முளைத்து, சாதி மரியாதையும் கிடைத்துவிடலாம். ஆகவே ஒரு பெயர்ப்பைக் கையிலெடுக்கும்போது அதிலுள்ள சொற்களை மூலத்தோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. எங்கே மூலம் விட்டது, அதை யார் நிரப்பினார்கள், நிரப்பியது மூலத்திலிருந்து மீட்டதா, சொந்தக் கையிருப்பா என்று கேட்க வேண்டும். செய்தித்தாளிடமும் அரசாணையிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.